முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, நினைத்த நேரமா: உல்லாசக் கப்பலில் இரவு உணவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் சாப்பிட்டவர்களுக்குப் பந்தி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முதல் பந்தியில் இடம் பிடிக்கத் தவறியவர், உட்கார்ந்திருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் பாயசம் முடித்து மோர் வாங்கிக் குடித்து எழுந்திருக்கும் வரை அந்த இலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உல்லாசக் கப்பலின் பெரிய உணவுக்கூடத்திலும் அடிப்படைச் சிக்கல் இதுவேதான். இரண்டாயிரம், மூவாயிரம் பயணிகளை ஒரே நேரத்தில் உட்கார வைக்க அங்கே இடம் கிடையாது. ஆகவே இரண்டு பந்தியாகப் பிரித்துப் பரிமாறும் வழக்கம் பழைய பயணிகள் கப்பல்களின் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. எந்தப் பந்தி என்பதை மண்டபத்துக்குப் போன பிறகு முடிவு செய்துகொள்ளலாம். கப்பலிலோ டிக்கெட் எடுக்கும்போதே, சில சமயம் ஆறு மாதம் முன்பாகவே, சொல்லிவிட வேண்டும்.

கேரள எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். விமானம் கோயம்புத்தூரிலிருந்தா கொச்சியிலிருந்தா, கேபினில் சன்னல் உண்டா, விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பவர்கள், இரவு உணவு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்பதில்லை. திரும்பி வந்த பிறகு சொல்லும் குறைகளில் பாதி அந்த இரவு உணவைப் பற்றியதாகவே இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் நானே அந்தப் பேச்சை எடுத்துவிடுகிறேன்.

இங்கே சொல்லப்போவது முழுவதும் இரவு உணவுக்கு மட்டும், அதுவும் பெரிய உணவுக்கூடத்தில் உட்கார்ந்து பரிமாறப்படும் உணவுக்கு மட்டுமே பொருந்தும். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. மேல்தளத்தில் பஃபே தனியாக நடந்துகொண்டிருக்கும். அங்கே யாருக்கும் பந்தி கிடையாது.

இரண்டு முறைகள்

குறித்த நேர முறையில், பயணம் முடியும் வரை ஒவ்வோர் இரவும் ஒரே நேரம், ஒரே மேசை, பரிமாறுபவர்களும் அதே ஆட்கள். முதல் பந்தி பொதுவாக மாலை 5:30 அல்லது 6 மணிக்கும், இரண்டாம் பந்தி இரவு 8 அல்லது 8:30 மணிக்கும் தொடங்கும். கியூனார்டு நிறுவனத்தின் குயீன் மேரி 2 கப்பலில், பெரும்பாலான பயணிகள் உண்ணும் பிரிட்டானியா உணவகம் 6 மணி, 8:30 மணி என்று இன்னமும் இந்தப் பழைய முறையில்தான் நடக்கிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் சிலவற்றில் இரண்டாம் பந்தி 9 மணியையும் தாண்டும். இத்தாலிக்காரரும் ஸ்பெயின்காரரும் நிறைந்த கப்பலில் அது அவர்களுக்கு இயல்பான நேரம்.

விருப்ப நேர முறையில், மாலையிலிருந்து இரவு வரை உணவுக்கூடம் திறந்திருக்கும் மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அன்றைக்குக் காலியாக இருக்கும் மேசை கிடைக்கும். அந்த மேசைக்கு உரியவர் பரிமாறுவார். நார்வீஜியன் குரூஸ் லைன் 2000 ஆம் ஆண்டில் இதை ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் கொண்டுவந்து, பந்தியையே எடுத்துவிட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு பெயர் சூட்டிக்கொண்டன. ராயல் கரீபியனில் மை டைம் என்றும், கார்னிவலில் யுவர் டைம் என்றும் படிவத்தில் இருப்பது இதுதான். இவ்விரு நிறுவனங்களும் இரண்டு முறைகளையும் அருகருகே வைத்திருக்கின்றன; பல கப்பல்களில் உணவுக்கூடத்தின் ஒரு தளம் பந்திக்கும் இன்னொரு தளம் விருப்ப நேரத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். இரு தளத்துக்கும் உணவுப் பட்டியல் ஒன்றே என்பதால், ஒன்றில் ருசி கூடும், மற்றதில் குறையும் என்ற கேள்விக்கு இடமில்லை.

டிஸ்னி கப்பல்கள் மட்டும் தனி ரகம். அங்கே நேரம் குறித்தது, ஆனால் இடம் மாறிக்கொண்டே இருக்கும்: இன்று ஓர் உணவகம், நாளை இன்னொன்று என்று குடும்பம் சுற்றிவர, பரிமாறுபவரும் கூடவே சுற்றி வருவார். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பிடித்துப்போகிறது.

கடிகாரத்தை விட வயிற்றை நம்புங்கள்

இந்தத் தேர்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவுரைகள் அமெரிக்கர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் முதல் பந்தி, இளைஞர்களுக்கு இரண்டாம் பந்தி என்று அவை சொல்லும். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இந்த அறிவுரை பாதி இடங்களில் தலைகீழாகிவிடுகிறது, காரணம் நேர வித்தியாசம்.

நம் ஆட்கள் அதிகமாகப் போவது சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கு. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அங்கே மாலை 5:30 என்றால் கொழிஞ்சாம்பாறையில் பிற்பகல் 3 மணி. மதியம் உண்ட சோறு இன்னும் செரித்திருக்காது. பாட்டி தாத்தாவோடு போகிறார்களே என்று நான் ஆரம்ப காலத்தில் ஒரு குடும்பத்துக்கு முதல் பந்தி போட்டுக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்த பெரியவர் என் அலுவலகப் படியேறும்போதே கேட்டார்: "ஏனுங்க, டீ குடிக்கிற நேரத்துல சோத்தப் போட்டா மனுசன் எப்படிங்க திங்கிறது? அப்பறம் ராத்திரி பத்து மணிக்குப் பசிச்சா யாரைங்க எழுப்புறது?" அவர் கேட்டது நியாயம். சிங்கப்பூர்க் கப்பலில் 8 மணிப் பந்தி என்பது நம் வயிற்றுக்கு மாலை 5:30. 8:30 என்றால் 6 மணி. எந்த வயதினருக்கும் அங்கே இரண்டாம் பந்தியே பொருத்தம். பயணம் நான்கு நாள்தான் என்பதால், உடல் புது நேரத்துக்குப் பழகுவதற்குள் கோயம்புத்தூர் விமானம் வந்துவிடும்.

மத்தியதரைக்கடல் பக்கம் போகிறவர்களுக்கு நேர் எதிர். பார்சிலோனா, ரோம் நகரங்களில் கோடைக்காலத்தில் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் நான்கரை மணி நேரம். அங்கே கோடையில் மாலை 6 மணிப் பந்தி என்றாலே நமக்கு இரவு 9:30 ஆகிறது. 8:30 மணிப் பந்தியில் உட்கார்ந்தால் நம் ஊரில் நள்ளிரவு. முதல் இரண்டு இரவுகள் சூப் வருவதற்குள் தாத்தா மேசையிலேயே தூங்கிவிழுவார். ஆகவே ஐரோப்பாவுக்கு முதல் பந்தி நல்லது. ஆனால் அங்கே இன்னொரு தொல்லை உண்டு. நாள்தோறும் ஒரு துறைமுகம் என்று போகும் அந்தப் பயணங்களில், ஊர் சுற்றிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பவே மாலை ஐந்து, ஐந்தரை ஆகிவிடும். குளித்து உடை மாற்றி ஆறு மணிக்கு மேசையில் உட்கார்வது ஓட்டப் பந்தயமாகிவிடும். அப்படிப்பட்ட பயணத்துக்கு விருப்ப நேரத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் 6:30 வாக்கில் போவதையே நான் பரிந்துரைக்கிறேன். கடலிலேயே கழியும் நாட்கள் அதிகமுள்ள பயணமாக இருந்தால் முதல் பந்திக்கே பெயர் கொடுங்கள்.

அலாஸ்கா, கரீபியன் போகிறவர்களுக்கு இரவும் பகலும் மாறிவிடுவதால், இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. விருப்ப நேரம் எடுத்து, பசிக்கும்போது போய்ச் சாப்பிடுங்கள். கொச்சி, மும்பை, சென்னை என்று நம் கரையோரமாகவே சுற்றும் கப்பலில் கடிகாரச் சிக்கலே இல்லை.

பரிமாறுபவர் பழகுவது

குறித்த நேர முறைக்குச் சாதகமாகச் சொல்லப்படும் காரணங்களில் நான் முழு மனதோடு ஒப்புக்கொள்வது ஒன்றுதான்: பரிமாறுபவர் நம்மை அறிந்துகொள்வது. ஏழு இரவுப் பயணம் ஒன்றில் என் தாயார் முதல் நாள் தட்டில் வந்த மசித்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் ஓரம் கட்டிவிட்டு, வெண்ணெய் தடவிய ரொட்டி ஒன்றை மட்டும் தின்றுவிட்டு எழுந்தார். இரண்டாம் நாள் பரிமாறும் இளைஞர், அவர் கோவாக்காரர், குனிந்து இந்தியில் ஏதோ கேட்டார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, விரல்களைக் குவித்துப் பிசைந்து காட்டினார். மூன்றாம் நாள் நாங்கள் உட்காரும் முன்பே மேசையில் ஒரு கிண்ணம் வெறும் சோறு, ஒரு கிண்ணம் புளிக்காத தயிர், ஒரு சிறு தட்டில் எலுமிச்சை ஊறுகாய், பக்கத்தில் முள்கரண்டி இல்லாமல் ஒரே ஒரு தேக்கரண்டி. அதற்குப் பிறகு கடைசி நாள் வரை அந்தக் கிண்ணங்கள் தவறவில்லை. நினைத்த நேரத்துக்குப் போய், நினைத்த மேசையில் உட்கார்ந்திருந்தால், ஏழு இரவும் ஏழு பேரிடம் விரல்களைக் குவித்துக் காட்டியிருக்க வேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கு இது வெறும் வசதி என்பதற்கும் மேலே. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள், முட்டை கலந்த இனிப்பைத் தொடாதவர்கள், மீன் குழம்பு வைத்த கரண்டியால் பரிமாறினால் தட்டைத் தள்ளிவிடுபவர்கள் ஆகியோரின் தேவையைக் கப்பலுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். டிக்கெட் எடுத்தவுடன் கொடுப்பது நல்லது. கப்பலில் ஏறிய பிறகு, உணவுக்கூடத் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரிலும் சொல்ல வேண்டும். பல கப்பல்களில் அவர் மறுநாள் பட்டியலை முந்தைய இரவே கொண்டுவந்து காட்டி, எது வேண்டும் என்று குறித்துக்கொள்வார். அதைச் சமையலறை தனியாகச் செய்து வைக்கும். நீங்கள் எங்கே, எப்போது உட்காரப் போகிறீர்கள் என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும். எதிர்ப் பக்கத்தில் அறிமுகமில்லாதவர்கள் மாட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க மனம் ஒப்பாதவர்கள், மேசை எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். பந்தி முறையில் எட்டு, பத்துப் பேர் அமரும் மேசையில் வேறு ஆட்களோடு சேர்த்து உட்கார வைப்பதும் நடக்கும்.

பாலக்காட்டு ராவுத்தர் குடும்பங்களுக்கு நான் ஏற்பாடு செய்யும்போது ஹலால் உணவோடு, சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் தொழுகையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டியே. 8 மணிப் பந்தி என்றால் தொழுகையை முடித்துவிட்டு நிதானமாகப் போகலாம்.

இரண்டு, மூன்று இரவுப் பயணத்தில் இந்தப் பழக்கமெல்லாம் ஏற்படாது. பெயர் தெரிந்துகொள்வதற்குள் இறங்கிவிடுவோம். அங்கே கணவன் மனைவி இருவர் மட்டும் போவதானால், யோசிக்காமல் விருப்ப நேரம் எடுத்துக்கொள்ளலாம். மாத்திரையோ இன்சுலினோ நேரம் பார்த்து எடுப்பவர் கூட இருந்தால் மட்டும், பயணம் எத்தனை குறுகியதானாலும் குறித்த நேரத்தை விடாதீர்கள். வரிசையில் நின்று மேசை கிடைக்க எவ்வளவு நேரமாகும் என்பது எவருக்கும் தெரியாது.

கூட்டமாகப் போகிறவர்கள்

ஒரு முறை மூன்று குடும்பங்களைச் சேர்ந்த பதினான்கு பேரை ஒரு கப்பலுக்கு அனுப்பினேன். சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டதால் விருப்ப நேரம் போட்டேன். முதல் இரவு எல்லாருமாகச் சேர்ந்து ஏழு மணிக்கு வாசலுக்குப் போயிருக்கிறார்கள். ஏழு மணி என்பது கப்பலில் பாதிப் பேருக்குப் பசிக்கும் நேரம். 6:30 முதல் 7:30 வரைதான் அந்த வரிசை மிக நீளமாக இருக்கும். பதினான்கு பேருக்கு ஒரே மேசை இல்லை என்று சொல்லி, கையில் ஒரு கருவியைக் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அது மினுக்கியபோது மூன்று மேசைகள் மூன்று மூலையில் கிடைத்தன. மாமனார் ஒரு மூலையில், மருமகன் இன்னொரு மூலையில், குழந்தைகள் நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். தவறு என்னுடையதுதான். அறிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்களை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஒன்று, விருப்ப நேர முறையிலும் பல நிறுவனங்களில் முன்பதிவு செய்யலாம். நிறுவனத்தின் செயலியிலோ இணையத்திலோ, கப்பல் ஏறும் முன்பே, ஒவ்வோர் இரவுக்கும் ஒரு நேரத்தைப் பதிவு செய்துவைக்க இயலும். அப்படிப் பதிவு செய்தவர்களுக்கு வரிசை தனி, அது சிறியது. எல்லா இரவுக்கும் ஒரே நேரத்தைப் பதிவு செய்து, முதல் நாள் பிடித்துப்போன பரிமாறுபவரின் பகுதியிலேயே மேசை கேட்டு வாங்கிக்கொண்டால், பந்தியின் நன்மையில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். ஒரு நாள் தாமதமானாலும் தலை போகாது.

இரண்டாவது, தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகள் கணினியில் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும். மூன்று குடும்பங்களுக்கும் மூன்று முன்பதிவு எண் இருக்கும். இவர்கள் சேர்ந்து உண்பவர்கள் என்று நிறுவனத்திடம் சொல்லி அந்த எண்களை இணைக்காவிட்டால், ஒரு குடும்பம் முதல் பந்தியிலும் மற்றொன்று இரண்டாம் பந்தியிலும் விழுவதற்குக்கூட வாய்ப்பு உண்டு. ஆறு பேருக்கு மேல் போகிறவர்களுக்கு நான் இப்போது குறித்த நேரத்தைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். பகலில் எவர் எங்கே சுற்றினாலும், இரவு எட்டு மணிக்கு எல்லாரும் ஒரு மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். யார் எங்கே என்று தேடும் வேலை மிச்சம்.

பதிவு செய்வதும் மாற்றுவதும்

டிக்கெட் எடுக்கும்போது, எந்த முறை, எத்தனை மணி என்பது உறுதிச் சீட்டில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்மொழியாகச் சொன்னது போதாது. கேட்ட பந்தி நிறைந்துவிட்டிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடுவார்கள். கப்பலில் பந்திக்காரருடைய மேசை எண், கேபின் கதவைத் திறக்கும் அட்டையில் அச்சாகியிருப்பது பழைய வழக்கம். இப்போது செயலியிலும் காட்டுகிறது. ஏறிய அன்று மதியமே, மூட்டை வரும் வரை சும்மா இருக்காமல், உணவுக்கூடத்துக்குப் போய் அந்த மேசை எங்கே இருக்கிறது என்று நேரில் பார்த்துவிடுங்கள். சமையலறைக் கதவருகே இருந்தாலோ, சக்கர நாற்காலி நுழைய இடமில்லாவிட்டாலோ, பந்தியை மாற்ற வேண்டியிருந்தாலோ, தலைமைப் பரிமாறுபவரிடம் கேட்க வேண்டிய வேளை அன்று மதியம்தான். மாலை உணவு தொடங்கிவிட்டால் அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. பந்தி முறையிலிருந்து விருப்ப நேரத்துக்கு மாறுவது எளிது, எதிர்த்திசையில் மாறுவது கடினம் என்பது என் அனுபவம். குழப்பமாக இருந்தால் முதலில் பந்திக்குப் பெயர் கொடுத்துவைப்பதே புத்திசாலித்தனம்.

பந்திக்குப் பெயர் கொடுத்துவிட்டதால் ஒவ்வோர் இரவும் போயே ஆக வேண்டும் என்று கிடையாது. ஒரு நாள் பஃபேயில் உண்ணலாம், கூடுதல் கட்டணம் கட்டித் தனி உணவகத்துக்கும் போகலாம். முந்தைய இரவே பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் அவர் காத்திருக்க மாட்டார். வருவதானால் நேரத்துக்கு வந்துவிட வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் கதவைச் சாத்திவிடும் கப்பல்கள் உண்டு. உணவு ஒன்றன்பின் ஒன்றாக வந்து முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவந்துவிடுவார்கள், கூச்சப்பட வேண்டாம். கலை நிகழ்ச்சிகளும் இந்தப் பந்திகளை ஒட்டியே இரண்டு காட்சிகளாக நடத்தப்படுகின்றன: ஒரு பந்தி சாப்பிடும்போது மறு பந்திக்குக் காட்சி. விருப்ப நேரக்காரர் காட்சி நேரத்தைப் பார்த்துவிட்டு உணவு நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று கைப்பேசிக் கடிகாரத்தைப் பற்றியது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னே. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, புக்கெட் கரையில் கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். அதை நம்பி ஏழரை மணி என்று நினைத்து நிதானமாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பம், உணவுக்கூடத்துக்குப் போனபோது மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவையோடு பஃபே வரிசையில் நின்றார்கள். கப்பல் நேரத்தைக் காட்ட, பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள்.

கடைசி இரவில் இரண்டாம் பந்திக்காரர்களுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். இறங்குவதற்கு முந்தைய இரவு பத்து, பதினொரு மணிக்குள் பெரிய பெட்டிகளைக் கேபின் கதவுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். இரவோடு இரவாக அவற்றை எடுத்துப் போய்விடுவார்கள். எட்டரை மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்து வந்து மூட்டை கட்ட நேரம் போதாது. சாப்பிடப் போகும் முன்பே பெட்டியைப் பூட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் உடுத்த வேண்டிய துணியையும் செருப்பையும் மாத்திரைப் பையையும் முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.